மீசெட் இரைச்சலுக்கு நடுவே ஒரு ஹெட்போன்

மின்சாரம் போன மறு நிமிடமே எங்கள் தெருவில் முதல் மீசெட் கிளம்பிவிடும். ஜெனரேட்டருக்குப் பர்மிய மொழியில் அதுதான் பெயர். ரங்கூன் தமிழர் வீடுகளிலும் அந்தப் பெயரே புழங்குகிறது. முதலில் கீழ்த்தளத்துக் கைப்பேசிக் கடையின் மீசெட், அடுத்துத் தேநீர்க் கடையினுடையது, பிறகு எதிர் வரிசை மருந்துக் கடையினுடையது என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கி, பத்து நிமிடத்துக்குள் மூன்றாவது மாடியில் இருக்கும் என் அறையின் திருகு தளர்ந்த ஜன்னல் கண்ணாடி மெல்ல அதிர ஆரம்பிக்கும். நான் சிங்கப்பூர் நிறுவனமொன்றுக்கு வீட்டிலிருந்தபடியே கணக்கு எழுதுகிறவன். அங்கே காலை ஒன்பது மணிக்குக் கூட்டம் என்றால் இங்கே ஏழரை மணிக்கு நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஆகவே காதை முழுவதும் மூடுகிற, இரைச்சலை நீக்குகிற, கம்பியில்லா ஹெட்போன் ஒன்றை வாங்குவது என்று இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு முடிவு செய்தேன். அதற்குப் பின் கற்றுக்கொண்டவற்றையும், எதை வாங்கினேன், ஏன் வாங்கினேன் என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

இணையத்தில் கிடைக்கும் மதிப்புரைகளில் பெரும்பாலானவை விமானப் பயணிக்காக எழுதப்பட்டவை. அதில் வியப்பில்லை, ஏனெனில் இந்தக் கருவியே விமானத்தில் பிறந்ததுதான். ஓர் ஒலியை அதற்கு நேரெதிரான ஒலியால் அடக்கலாம் என்ற எண்ணத்துக்கு ஜெர்மானியர் பால் லூக் 1936-இலேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றிருந்தாலும், அதைத் தலையில் மாட்டும் பொருளாக ஆக்கும் எண்ணம் போஸ் நிறுவனத்தைத் தொடங்கிய அமர் போஸுக்கு 1978-இல் ஜூரிக்கிலிருந்து பாஸ்டனுக்குப் பறந்துகொண்டிருந்தபோது தோன்றியது. விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் எஞ்சின் ஓசையைத் தவிர வேறெதுவும் கேட்காத எரிச்சலில் அந்தப் பயணத்திலேயே கணக்குப் போடத் தொடங்கினாராம். அவருடைய தந்தை கல்கத்தாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன வங்காளி என்பது நம் பக்கத்து ஆட்களுக்கு ஒரு சிறு பெருமை. அவருடைய நிறுவனம் விமானிகளுக்கான கருவியை 1989-இலும், பயணிகள் வாங்கக்கூடிய முதல் ஹெட்போனை 2000-ஆம் ஆண்டிலும் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

விமான எஞ்சினுக்காகப் பிறந்த பொருள் நடைபாதை மீசெட்டுக்குப் பயன்படுமா என்ற கேள்விக்கு விடை, ஒரு சிறு கணக்கில் இருக்கிறது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். வழக்கமான சிறிய பெட்ரோல் மீசெட், அந்த அளவைக் கொடுக்க நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்ற வேண்டும். அதிலிருப்பது ஒற்றைச் சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் எரிபொருள் வெடிக்கும். ஆக நொடிக்கு 25 வெடிப்பு. நாம் கேட்கும் அந்தத் தடதடப்பின் அடித்தளம் இந்த 25 ஹெர்ட்ஸும், அதன் மடங்குகளான 50, 75, 100 ஹெர்ட்ஸும்தான். இரைச்சல் நீக்கும் ஹெட்போனில் உள்ள சிறு மைக்குகள் வெளியோசையைக் கேட்டு, அதன் ஏற்றத்துக்கு இறக்கமும் இறக்கத்துக்கு ஏற்றமுமாக ஓர் எதிரலையை உண்டாக்கி, இரண்டையும் காதுக்கருகில் மோதவிட்டு அடக்குகின்றன. 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் மூன்றரை மீட்டர் என்பதால் எதிரலை இம்மியளவு பிந்தினாலும் குடி முழுகிவிடாது. 3,000 ஹெர்ட்ஸ் அலையோ சுமார் 11 சென்டிமீட்டர்தான். அங்கே மயிரிழை பிசகினாலும் அடக்குவதற்குப் பதிலாகக் கூட்டிவிடும். ஆகவே தாழ்ந்த சுருதியில், மாறாமல், ஒரே தாளத்தில் ஓடும் ஓசையைத்தான் இக்கருவிகள் நன்றாக விழுங்கும். உயர்ந்த சுருதி ஓசையைத் தடுப்பது எதிரலையின் வேலையன்று, காதைச் சுற்றியுள்ள மெத்தையின் வேலை. மீசெட் தாழ்ந்த ஓசை, மாறாத ஓசை. நல்ல ஹெட்போனுக்கு அது தானாக வந்து மாட்டிக்கொள்ளும் இரை.

மனிதக் குரல் அப்படி மாட்டாது. நம் தேநீர்க் கடைகளில் பரிமாறும் பையனைக் கூப்பிட உதட்டைக் குவித்து முத்தமிடுவதுபோல எழுப்புவார்களே, அந்த ‘ச்சு ச்சு’ ஓசை எவ்வளவு விலையுயர்ந்த ஹெட்போனையும் ஊசிபோலத் துளைத்துக்கொண்டு வரும். மீசெட்டின் தடதடப்பு அடங்கிய பிறகு அது முன்னைவிடத் தெளிவாகவே கேட்கும். மின்சாரம் திரும்பியதும் தெருக் குழந்தைகள் ‘மீ லா பீ!’ என்று கத்துவதும் அப்படியே வந்து சேரும். உலகமே ஊமையாகிவிடும் என்று எதிர்பார்த்து வாங்குகிறவர்கள் முதல் நாளே ஏமாந்து போவதற்குக் காரணம் இந்த வேறுபாடு தெரியாததுதான்.

நானும் முதலில் ஏமாந்தவன்தான், ஆனால் வேறு விதமாக. நகரின் நடுப்பகுதியில் உள்ள ஒரு கடையில் பெட்டியில் ‘இஎன்சி’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்த ஹெட்போன் ஒன்றைக் காட்டி, இது எல்லா இரைச்சலையும் நீக்கும் என்று கடைக்காரத் தம்பி அடித்துச் சொன்னார். குளிரூட்டப்பட்ட, அமைதியான கடை அது. மாட்டிப் பார்த்தேன், அமைதியாகத்தான் இருந்தது. கடையே அமைதியாக இருக்கும்போது வேறெப்படி இருக்கும்? வீட்டுக்கு வந்து மீசெட் ஓடத் தொடங்கியதும் உண்மை விளங்கியது. இஎன்சி என்பது நாம் பேசும்போது நம் மைக்கில் கலக்கும் சுற்றுப்புற ஓசையைக் குறைப்பது. அதன் பயன் மறுமுனையில் இருப்பவருக்கே. நம் காதுக்கு அமைதி தருவது ஏஎன்சி. எழுத்தில் ஒன்றுதான் மாறியிருக்கிறது, காசு முழுதாகப் போய்விட்டது. திருப்பிக் கொடுக்கப் போனபோது பெட்டியைப் பிரித்துவிட்டீர்கள் என்று மறுத்துவிட்டார்கள். பிரிக்காமல் எப்படிக் கேட்டுப் பார்ப்பது என்பதற்கு அவர்களிடம் விடையில்லை.

ஆகவே இரண்டாவது முறை சிங்கப்பூரிலிருக்கும் அத்தானிடம் கேட்டேன். “மாப்பிள்ளை, பாட்டுக் கேட்கவா, வேலைக்கா?” என்றார். “மீசெட்டுக்கு, அத்தான்” என்றேன். அவர் சிரித்துவிட்டு, அடுத்த முறை அக்காவுடன் ஊருக்கு வந்தபோது தம்முடைய சோனி டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்4-ஐ மூன்று வாரத்துக்கு என்னிடம் கொடுத்துவைத்தார். 2020-இல் வெளிவந்த அந்த மாதிரி இன்றும் பலருடைய பட்டியலில் இருக்கிறது. எடை 254 கிராம். இரைச்சல் நீக்கத்துடன் 30 மணி நேரம் ஓடும். மடித்துப் பைக்குள் வைக்கலாம். முதல் நாள் மாலை மூன்று மீசெட்டுகளும் ஓடிக்கொண்டிருந்தபோது அதை மாட்டிப் பொத்தானை அழுத்தினேன். தடதடப்பு ஒரு மூச்சில் வடிந்து, தொலைவில் யாரோ துணி தைப்பதுபோன்ற மெல்லிய சலசலப்பு மட்டும் மிஞ்சியது. ஜன்னல் கண்ணாடி மட்டும் முன்போலவே அதிர்ந்துகொண்டிருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துத்தான் மீசெட் இன்னும் ஓடுவதை உறுதி செய்துகொண்டேன்.

அதில் ஒரு வசதி நம் வீடுகளில் வேடிக்கையாகிவிடும். நாம் பேசத் தொடங்கினால் பாட்டைத் தானே நிறுத்தி, வெளியோசையை உள்ளே விடும் ஏற்பாடு அது. பாடினாலும் அதற்குப் பேச்சுதான். அம்மா அதை வாங்கி மாட்டிக்கொண்டு, கேட்கும் பாட்டோடு சேர்ந்து முணுமுணுத்தபோதெல்லாம் பாட்டு நின்றுவிட, “நான் பாடுவது இதற்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது” என்று கழற்றி வைத்துவிட்டார். செயலியில் போய் அதை அணைத்துவிடலாம். வலப்பக்க மூடியின்மேல் உள்ளங்கையை வைத்தால் ஓசை தணிந்து எதிரில் இருப்பவர் பேசுவது கேட்கும் என்ற மற்றோர் ஏற்பாடு, மாறாக, மிகவும் பயனுள்ளது.

இனி, ரங்கூனில் இருப்பவர் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதற்கு வருகிறேன். ஒலித்தரத்தைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. எல்டேக் என்ற ப்ளூடூத் முறையில் நொடிக்கு 990 கிலோபிட் வரை ஒலித்தரவு அனுப்பலாம் என்று பெட்டியில் போட்டிருப்பதைக் கண்டு பலர் மயங்குகிறார்கள். ஐபோனில் அது வேலை செய்யாது. ஆண்ட்ராய்டில் வேலை செய்தாலும் கீழே மூன்று மீசெட் ஓடும் தெருவில் அந்த நுணுக்கம் யார் காதில் விழப்போகிறது? நான் பார்ப்பது மின்கலத்தையும், கம்பியையும், மெத்தையையும், எடையையும்தான்.

மின்கலத்தில் எத்தனை மணி நேரம் என்பது இங்கே வெறும் விளம்பர எண்ணன்று. மின்சாரம் முறை வைத்து வரும் ஊரில், வந்திருக்கும் நேரத்துக்குள் தண்ணீர் மோட்டார், சோறாக்கும் பாத்திரம், இஸ்திரிப்பெட்டி, கைப்பேசிகள், மடிக்கணினி என்று எல்லாம் வரிசையில் நிற்கும். ஹெட்போனின் முறை கடைசியில்தான் வரும். சென்ஹைசர் மொமன்டம் 4 இரைச்சல் நீக்கத்துடன் 60 மணி நேரம் ஓடும் என்பது இந்த நோக்கில் பெரிய செய்தி. நாளைக்கு ஆறு மணி நேரம் அணிந்தாலும் பத்து நாள் கவலையில்லை. அதன் எடை 293 கிராம் என்பதைக் கழுத்து வலி உள்ளவர்கள் கவனிக்க வேண்டும். விரைவாகச் சார்ஜ் ஏறுவதும் அதே அளவு முக்கியம். அத்தானின் எக்ஸ்எம்4 பத்து நிமிட சார்ஜில் ஐந்து மணி நேரம் ஓடும், ஆனால் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது அதைப் பயன்படுத்த முடியாது. மின்சாரம் வருகிற நேரமும் கூட்டம் நடக்கிற நேரமும் ஒன்றாக அமைந்தால் இது கையைக் கடிக்கும்.

மின்கலம் தீர்ந்துபோனால் கம்பியில் இணைத்துக் கேட்க முடியுமா என்பதைப் பலர் கேட்பதே இல்லை. சோனி, போஸ், சென்ஹைசர் ஹெட்போன்களில் பெரும்பாலானவற்றில் முடியும். இரைச்சல் நீக்கம் இருக்காது, ஆனால் கூட்டம் நின்றுவிடாது. ஆப்பிள் ஏர்பாட்ஸ் மேக்ஸில் மின்கலம் தீர்ந்தால் கம்பியும் உதவாது. 385 கிராமுக்கு ஒட்டிய எடையும் 20 மணி நேர ஓட்டமும் சேர்ந்து, அது அழகான பொருளாக இருந்தும் நம் ஊருக்கு ஒத்துவராது என்பது என் கருத்து. போஸ் குவயட்கம்ஃபர்ட் வரிசையில் ஹெட்போன் பக்கம் இருக்கும் துளை 2.5 மில்லிமீட்டர், மறுமுனைதான் வழக்கமான 3.5. அந்தக் கம்பி தொலைந்தால் பிளாட்பாரக் கடையில் அவ்வளவு எளிதில் கிடைக்காது, பெட்டியிலேயே பத்திரமாக வைத்திருங்கள்.

அடுத்தது மெத்தை. இதைப் பற்றிக் குளிர்நாட்டு மதிப்புரைகள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகின்றன. மே முதல் அக்டோபர் வரை மழையும் மற்ற மாதங்களில் வேர்வையுமாக இருக்கும் ஊரில் அதுவே முதற்பொருள். செயற்கைத் தோல் மெத்தை காதைச் சுற்றி ஒட்டிக்கொண்டால்தான் உயர்ந்த ஓசை தடுபடும், ஒட்டிக்கொண்டால் வேர்க்கும். மின்விசிறியும் ஓடாத நேரத்தில்தானே மீசெட்டுகள் ஓடுகின்றன! என் பழைய ஹெட்போன் ஒன்றில், நிறுவனத்தின் பெயர் வேண்டாம், பதினெட்டு மாதத்தில் மெத்தையின் தோல் கருஞ்செதில்களாக உரிந்து, நான் வெளியே புறப்படும்போது காதோரம் மையை அப்பியதுபோல ஒட்டிக்கொண்டிருந்தது. இப்போது நாற்பது நிமிடத்துக்கு ஒரு முறை கழற்றி, மெல்லிய பருத்தித் துணியால் மெத்தையைத் துடைத்து, ஐந்து நிமிடம் ஆறவிடுகிறேன். பயன்படுத்தாத நேரத்தில் அரிசி டப்பாவுக்குள் போடச் சொல்கிறார்கள் பலர், போட வேண்டாம். தவிட்டுத் தூசி மைக் துளைகளை அடைக்கும். காலணிப் பெட்டிகளில் வரும் சிலிக்கா பொட்டலம் இரண்டைச் சேர்த்து மூடிய டப்பாவில் வைத்தால் போதும். வாங்குவதற்கு முன், அந்த மாதிரிக்கு மாற்று மெத்தை தனியாகக் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

கண்ணாடி அணிபவர்களுக்கு இன்னொன்று. கண்ணாடியின் கால் மெத்தைக்கும் தலைக்கும் இடையே சிறு இடைவெளியை உண்டாக்கும். அதன் வழியே இரைச்சல் கசியும். தடித்த சட்டத்தை விட்டு மெல்லிய கம்பிச் சட்டத்துக்கு மாறிய பிறகு எனக்கு இருந்த வித்தியாசம், ஹெட்போனை மாற்றினால் கிடைப்பதற்குச் சமம்.

இத்தனையும் பார்த்து நான் வாங்கியது சோனி டபிள்யூஎச்-சிஎச்720என். 2023-இல் வந்த இது, அத்தானுடையதற்கு அடுத்த நிலையில் உள்ள மலிவான மாதிரி. அமெரிக்காவில் வெளியீட்டு விலை 150 டாலர். அத்தானுடைய எக்ஸ்எம்4-க்கு அடுத்து வந்த எக்ஸ்எம்5-இன் விலை அதே ஆண்டு அங்கே 400 டாலர். எடை 192 கிராம்தான், மாட்டியிருப்பதே மறந்துவிடும். இரைச்சல் நீக்கத்துடன் 35 மணி நேரம், ஒரே நேரத்தில் மடிக்கணினியோடும் கைப்பேசியோடும் இணைப்பு, கம்பித் துளை எல்லாம் உண்டு. எல்டேக் இல்லை, பெட்டியில் பை இல்லை, உடம்பு முழுக்கப் பிளாஸ்டிக். இரைச்சலை அடக்குவதில் எக்ஸ்எம்4 இதைவிட ஒரு படி மேல் என்பதில் ஐயமில்லை. அதில் தையல் எந்திரமாகக் கேட்ட மீசெட், இதில் இரண்டு வீடு தள்ளி ஓடும் மாவரைக்கும் எந்திரமாகக் கேட்கிறது. அந்த ஒரு படிக்கு இரண்டு மடங்குக்கு மேல் கொடுக்க, டாலர் விலை நாளுக்கொரு விதமாக இருக்கும் ஊரில், எனக்கு மனம் வரவில்லை. கையில் பணம் இருப்பவர்கள், நாள் முழுதும் அணிய வேண்டியவர்கள் எக்ஸ்எம்4-க்கோ, 2025-இல் வந்த, மறுபடியும் மடிக்கக்கூடியதாக ஆக்கப்பட்ட எக்ஸ்எம்6-க்கோ போகலாம். இன்னும் மலிவாக வேண்டுமென்றால் ஆங்கர் நிறுவனத்தின் சவுண்ட்கோர் ஸ்பேஸ் ஒன் இருக்கிறது. வெளியீட்டு விலை 100 டாலர், இரைச்சல் நீக்கத்துடன் 40 மணி நேரம்.

பயன்படுத்தத் தொடங்கிய பிறகு தெரிந்துகொண்டவை சில. மேசை விசிறி நேராகக் காதுப்பக்கம் வீசினால் காற்று மைக்குகளில் மோதி ‘பட பட’ என்ற புது இரைச்சலை உண்டாக்கும். விசிறியை முகத்துக்கு நேராக வைத்தால் குறைந்துவிடும். கூட்டத்தில் பேசுவதற்காக ப்ளூடூத் மைக் இயங்கத் தொடங்கியதும் நாம் கேட்கும் ஒலியின் தரம் பழைய தொலைபேசி அளவுக்கு இறங்கிவிடும். அது கோளாறன்று, மடிக்கணினியின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்தால் ஒலி திரும்பிவிடும். ஆனால் அப்போது சிங்கப்பூர்க்காரர்களுக்கு நம் மீசெட் முழுவதும் கேட்கும். நான் பேச வேண்டிய கூட்டத்துக்கு ஹெட்போன் மைக், கேட்க மட்டும் வேண்டிய கூட்டத்துக்கு மடிக்கணினி மைக்கைத் தேர்ந்தெடுத்து அதை அணைத்துவைப்பது என்று பிரித்துக்கொண்டேன். சிலருக்கு இரைச்சல் நீக்கத்தை இயக்கியதும் மலையேறும் பேருந்தில் காது அடைப்பதுபோன்ற அழுத்தம் தோன்றும். என் மனைவிக்கு அப்படித்தான், அவர் கால் மணி நேரத்துக்கு மேல் அணிவதில்லை. ஆகவே வாங்குமுன் யாரிடமாவது இரவல் வாங்கி ஒரு மாலை முழுதும் அணிந்து பார்ப்பது நல்லது.

உலகச் சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பவர் 80 டெசிபலைத் தாண்டக்கூடாது என்கிறது. முன்பு சாதாரண ஹெட்போனில் மீசெட்டை மீறிக் குரலைக் கேட்க ஒலியைக் கடைசிக் கோடு வரை ஏற்றிவைப்பேன். இப்போது பாதிக்குக் கீழேயே போதுமானதாக இருக்கிறது. இரவில் காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்த ரீங்காரமும் நின்றுவிட்டது.

ஒரு தொல்லை மட்டும் தீரவில்லை. நம் பழைய கட்டடங்களில் மேல்மாடியிலிருந்து தெருவரை கயிறு தொங்கும். நுனியில் கவ்வி, மேலே மணி. கீழிருந்து பேப்பர்க்காரரோ முட்டைக்காரம்மாவோ கயிற்றை இழுத்தால் மணி அடிக்கும், நாம் மேலே இழுத்துக்கொள்வோம். மணியோசை உயர்ந்தது, ஹெட்போனின் எதிரலை அதைத் தொடாது என்று மேலே எழுதியது உண்மைதான், ஆனால் மெத்தையும் கூட்டத்துப் பேச்சும் சேர்ந்து அதை மறைத்துவிடுகின்றன. சென்ற மாதம் முட்டைக்காரம்மா மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டு, நான் ஊரில் இல்லை என்று நினைத்து அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இப்போது காலை ஏழரைக் கூட்டத்தில் மட்டும், மீசெட் ஓடாத நாள்களில், வெளியோசையை உள்ளே விடும் அமைப்பில் வைத்துக்கொள்கிறேன். மீசெட் ஓடும் நாள்களில் முட்டைக் காசை முதல் நாளே கவ்வியில் மாட்டிக் கீழே இறக்கிவிடுகிறேன்.